செப்டெம்பரில் கரை சுத்தமாகத்தான் இருக்கிறது

கரையில் குப்பை பொறுக்குவதை விடக் குப்பையைப் பற்றி எழுதுவதுதான் கரைச்சலான வேலை என்று சொன்னால், எங்கள் குழுவில் பொறுக்குகிற பொடியன்கள் சண்டைக்கு வருவார்கள். வெயிலில் நிற்பது அவர்கள். முதுகு பிடித்துக்கொள்வது அவர்களுக்கு. நான் தாழைப் பற்றை நிழலில் நின்று போனைத் தட்டுகிறவள் என்பது அவர்களின் நெடுநாள் முறைப்பாடு. இருந்தாலும் சொல்கிறேன். பொறுக்கிய போத்தல் திருப்பிக் கதைக்காது. எழுதிய பதிவு கதைக்கும். இரவு பதினொரு மணிக்கும் கதைக்கும்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் சில பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு எங்களுடையது. கொக்கிளாய், நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை என்று வடக்கே ஏறி, வட்டுவாகலைத் தாண்டி முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை வரைக்கும் போகிற கரையில் எங்கே ஆள் சேருகிறதோ அங்கே போவோம். பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். குழுவின் பேஸ்புக் பக்கம், வட்ஸ்அப் குழுக்கள், பிறகு வந்து சேர்ந்த ரிக்ரொக் எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. டேட்டாக் காசும் கைக்காசு.

"கடலில குப்பை போடாதேங்கோ எண்டு எழுத ஒரு ஆள் வேணுமோ?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுக்கலாம் என்றால் நானும் படுத்திருப்பேன். ஆனால் அந்த வரி எங்கள் கரைக்குச் சரிவரவில்லை. யார் போட்டது, எங்கே போட்டது, எப்போது வந்தது என்று பார்க்கத் தொடங்கினால் அது ஆட்டம் காண்கிறது.

முதலில் மாதக் கணக்கு. உலகம் முழுவதும் கடற்கரைத் துப்புரவு நாள் செப்டெம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய வழக்கம் இது. பொறுக்குவதோடு நிற்காமல் என்ன பொருள், எத்தனை என்று தாளில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாளுக்காகவே நான் அதை மதிக்கிறேன். அந்த வாரத்தில்தான் தொப்பியும் கையுறையுமாக எல்லாரும் கரைக்கு வருவார்கள். கமெராவும் வரும். ஆனால் செப்டெம்பரில் எங்கள் கரை பெரும்பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது எங்களுக்குத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மிதக்கிறதையெல்லாம் வெளியே தள்ளிவிடும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்றான வாடை திரும்பிய பிறகுதான் கடல் தான் சேர்த்து வைத்ததைக் கொண்டுவந்து போடும். அப்போது மழை, வெள்ளம், வள்ளம் இறக்க முடியாத கடல். துப்புரவு நாளும் இல்லை, கமெராவும் இல்லை. நாடே கடற்குப்பை பற்றிக் கதைக்கும் வாரத்தில் எங்களிடம் காட்டப் படம் இல்லை. படம் குவிந்து கிடக்கும் மாதங்களில் பார்க்க ஆள் இல்லை. ஆகவே வாடையில் எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தி வைத்து, எடுத்த திகதியைப் பெரிதாகப் போட்டுச் செப்டெம்பரில் விடுகிறோம். திகதி போடாமல் விட்டால் அது பொய்ப் படம். "இப்ப அங்க போய்ப் பாத்தன், ஒண்டும் இல்லையே" என்று ஒருவர் எழுதினால் பக்கத்தின் மரியாதை போய்விடும்.

இனி, எங்கிருந்து வருகிறது. எங்கள் பக்கம் வங்காள விரிகுடா. வாடைக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கும் நீரோட்டம் எங்கள் கரையையும் ஒட்டிக்கொண்டு போகிறது. மூடி இறுக்கிய போத்தல் இருக்கிறதே, அதுதான் நல்ல பயணி. போத்தல் செய்கிற அந்தப் பிளாஸ்டிக் தண்ணீரை விடக் கனமானது. மூடி இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து தாண்டுவிடும். மூடி இருந்தால் உள்ளேயிருக்கும் காற்று அதை எங்கும் கொண்டுபோகும். மார்கழியில் செம்மலைப் பக்கம் பொறுக்கினால் தாய்லாந்து எழுத்து, வட்ட வட்டமான பர்மிய எழுத்து, இந்தோனேசியப் பெயர்கள் என்று வரும். 2024 டிசம்பரில் மியன்மாரின் ரோஹிங்கியா அகதிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளோடு, ஒரே படகில் முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை முதலில் கண்டவர்கள் இங்குள்ள கடற்றொழிலாளர்கள். பர்மிய எழுத்துப் போத்தல் எப்படி இங்கே வரும் என்று அதுவரை பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

அப்படியென்றால் எல்லாமே வெளிநாட்டுக் குப்பை என்று கைகழுவலாமா? முடியாது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தூரத்திலிருந்து வந்த போத்தலில் லேபிள் வெளிறியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது, அடிப்பக்கத்தில் சிப்பி போன்ற சின்ன உயிர்கள் கொத்தாக ஒட்டி வளர்ந்திருக்கும், கையை வெட்டும். உள்ளூர்ப் பொருள் பளபளவென்று வரும். பிஸ்கற் பேப்பர், பால்மாப் பக்கற், யோகட் கப், குழந்தைப் பம்பர்ஸ், கறுப்புச் சொப்பிங் பை. இவை முதல் பெருமழையோடு வருகிறவை. ஊருக்குள் வாய்க்காலிலும் மதகடியிலும் கிடந்தது நந்திக்கடல் களப்புக்குப் போகும். நீர் மட்டம் ஏறியதும் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டி விடுவார்கள். அடுத்த நாள் எல்லாம் பெருங்கடலில். பொறுக்க வேண்டிய இடம் கடற்கரை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஐப்பசி முதல் வாரத்தில் சந்தைக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால்தான் எங்கள் மாவட்டத்தின் முக்கியமான கடற்கரை. ஆனால் வாய்க்கால் படத்துக்கு லைக் விழாது. கடல் நீலமாக, அலை நுரையோடு, முன்னால் ஒரு போத்தல் கிடந்தால்தான் விழும்.

படத்தில் வராத குப்பையும் உண்டு. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக். மீன் ஐஸ் போடும் பெட்டி, வலைக்கு மிதப்பு, தெப்பத் துண்டு என்று கடல்தொழிலில் அது இல்லாத இடமில்லை. 2017 செப்டெம்பர் 1 இல் தடை வந்தபோது சாப்பாட்டுப் பெட்டிக்குத்தான் வந்தது; மீன் பெட்டி தப்பிவிட்டது. பெட்டி உடைந்தால் துண்டு, துண்டு உரசினால் சவ்வரிசி. ஈர மணலில் காலை வைத்தால் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வரும். குனிந்து ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று தொடங்குகிற புதிய தொண்டர்கள் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து கடலைப் பார்ப்பார்கள். அரிதட்டில் மணலை அள்ளி அரித்துப் பார்த்தோம். கிளிஞ்சல் உடைசலும் சேர்ந்தே நிற்கிறது. போனில் படம் எடுத்தாலோ அழகான வெண்மணல்.

நான் பொறுப்பெடுத்தபோது என் கையில் இருந்தவை எல்லாம் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த ஆயத்தப் பதிவுகள். மொழி மட்டும் தமிழ். முதலாவது, மூக்கில் ஸ்ட்ரோ ஏறிய ஆமை. 2015 இல் கொஸ்தாரிக்காக் கடலில் எடுத்த காணொளி அது. உலகத்தையே அழவைத்தது, பல நாடுகளில் ஸ்ட்ரோத் தடைக்குத் தூண்டுதலானது. இலங்கையிலும் 2023 ஒக்ரோபர் 1 முதல் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாவற்றுக்கும் தடை. நல்லது. ஆனால் எங்கள் கரையில் எண்ணிக்கைத் தாளை நிரப்பும்போது ஸ்ட்ரோவுக்குரிய கட்டம் காய்ந்து போய்க் கிடக்கிறது. கயிறு, வலை, போத்தல், ரெஜிபோம் கட்டங்களில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதுகிறோம். இங்கே ஆமை மாட்டுப்படுவது வலைத்துண்டில். இளநீரை வெட்டி அப்படியே வாய் வைத்துக் குடிக்கிற ஊரில் ஸ்ட்ரோ ஆமையைப் போட்டு யாரைத் திருத்துவது?

இரண்டாவது, "பிளாஸ்டிக் போத்தல் உக்க 450 ஆண்டுகள்." இந்த எண்ணை நான் போடுவதில்லை. நாம் குடிக்கிற இந்தப் போத்தலுக்குக் காப்புரிமை எடுத்ததே 1973 இல்தான். அது உக்கி முடிந்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. வெயிலில் நொறுங்கும், பொடியாகும், பொடி எங்கேயும் போகாது. அதைச் சொன்னால் போதும். மூன்றாவது, "கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதில் இலங்கை உலகில் 5 ஆம் இடம்." ஒவ்வொரு செப்டெம்பரும் இது உயிர்த்தெழும். 2015 இல் வெளிவந்த ஆய்வொன்றில் இருந்து வந்தது. 192 கரையோர நாடுகளை எடுத்து, கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வாழ்கிற சனத்தொகையையும் ஒழுங்காகக் கையாளப்படாத குப்பையின் பங்கையும் பெருக்கி, 2010 ஆம் ஆண்டில் 48 இலட்சம் தொன்னுக்கும் 1 கோடியே 27 இலட்சம் தொன்னுக்கும் இடைப்பட்ட பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். தீவு நாட்டில் ஆட்கள் வேறு எங்கே வாழ்வார்கள், கரைக்குக் கிட்டத்தான். ஆய்வைக் குறை சொல்லவில்லை. அது ஒரு மதிப்பீடு. எங்கள் ஊரில் அது ஒரு வசை.

வசைதான் எங்கள் வேலையின் பெரிய எதிரி. "கடற்றொழிலாளர்களே, வலைகளைக் கடலில் வீசாதீர்கள்" என்று ஒரு பதாகை வந்தது. ஆமை ஒன்று பச்சை வலைக்குள் சுருண்டு கிடக்கும் படம். பக்கத்தில் போடுவதற்கு முன் சிலாவத்தைக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணையிடம் காட்டினேன். பார்த்தார். வலையை மடியில் போட்டுவிட்டுக் கேட்டார்:

"தங்கச்சி, உந்த வலையின்ர விலை தெரியுமே உங்களுக்கு? ஆரும் காசைக் கடலுக்க எறிவானோ?"

பிறகு அவரே விளக்கினார். இரவு விரித்துவிட்டு வருகிறார்கள். விடியப் போனால் பாதி வலை இல்லை. "றோலர் அறுத்துக்கொண்டு போட்டுது." றோலர் என்றால் இழுவைப் படகு. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் எல்லை தாண்டி வருகிற இந்திய இழுவைப் படகுகள் எந்தச் சட்டத்தையும் வாசித்துவிட்டு வருவதில்லை. அறுந்து போன துண்டில் மிதப்பும் ஈயமும் மிச்சம் இருந்தால் அது தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்று ஆளில்லாமலே மீன் பிடிக்கும். அந்த மீனைத் தின்ன வருகிறதும் படும். கடைசியில் பாரம் தாங்காமல் தாழும், அல்லது சுருண்டு கரைக்கு வரும். கரைக்கு வந்ததைத்தான் நாங்கள் படம் எடுத்து "மீனவர் வீசிய வலை" என்று எழுத இருந்தோம். மாலைதீவில் சூரை மீனைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். அங்கும் ஆமைகள் வலையில் சிக்கி மிதந்து வருகின்றன. பெரும்பாலும் வேறு கடலில் தொலைந்த வலைகள்.

அந்தப் பதாகை பக்கத்தில் ஏறவில்லை. பதிலாக, வலை தொலைத்தவர்களுக்கு ஒரு அறிவித்தல் தொடங்கினோம். எந்தப் பக்கம் விரித்தது, எத்தனை கட்டு, மிதப்பு என்ன நிறம் என்று குரல்பதிவில் சொல்லுங்கள், கரையில் கண்டால் சொல்கிறோம். தொழிலாளர்கள் தங்கள் வலையை அடையாளம் வைத்திருக்கிற விதம் எனக்குத் தெரியாத உலகம். ஒருவர் மிதப்பில் சிவப்புத் துணி முடிந்திருப்பார். ஒருவர் மஞ்சள் எண்ணெய்க் கானை மிதப்பாக்கியிருப்பார். இன்னொருவர் முடிச்சைப் பார்த்தே "இது எங்கட மச்சான்ர கை" என்பார். சில துண்டுகள் ஆளிடம் திரும்பிப் போயின. பாவிக்க முடியாவிட்டாலும் மிதப்பையும் ஈயத்தையும் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். அவற்றுக்குக் காசு இருக்கிறது.

தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை, மட்டும் கதை வேறு. அது நாட்டில் தடைசெய்யப்பட்ட வலை. கரையில் கிடந்தால் உரிமை கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அதைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டால், பின்னால் தெரிகிற வாடிக் கொட்டிலும் வள்ளத்தின் இலக்கமும் சேர்ந்து ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வன்னியில் போனைத் தூக்கிப் படம் எடுப்பது சும்மா விஷயமில்லை. "எடுத்து ஆருக்குக் குடுக்கிறியள் பிள்ளை?" என்ற கேள்வியை ஒரு வயதானவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதில் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. அதனால் எங்களுக்கென்று சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். வள்ள இலக்கம் படத்தில் வராது. முகம், கேட்காமல் வராது. வீடு, வேலி, உலர்த்தியிருக்கும் துணி வராது. தங்கூசியை மூட்டையில் கட்டி எடுப்போம், படம் எடுப்பதில்லை. தடையை மதிக்கவில்லையா என்று கேட்டால் மதிக்கிறேன். அதை நடைமுறைப்படுத்துவது ஒரு தொண்டர் குழுவின் பேஸ்புக் பக்கத்தின் வேலை இல்லை.

இதை விடப் பெரிய பயம் ஒன்று அவர்களுக்கு உண்டு. மீன் விலை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. ஜூன் தொடக்கத்தில் தாழத் தொடங்கியது. அதில் இருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. உலகத்திலேயே இதுவரை பதிவான மிகப் பெரிய குருணைக் கசிவு அதுதான். குருணை போய் மூடியது மேற்குக் கரையை. ஆனால் வட்ஸ்அப்பில் சுற்றிய குரல்பதிவுகளுக்குத் திசை ஏது? மீன் தின்னாதேங்கோ, நஞ்சு, அமிலம் என்று ஊர் ஊராகப் பரவியது. நாயாற்றில் பிடித்த மீனும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளானது. கப்பல்காரர்கள் 1 பில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைப் பக்கத்தில் போட்டபோது வந்த முதல் கேள்வி, "எங்கட பக்கத்து ஆக்களுக்கும் வருமோ?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அதே ஆண்டு மே 25 இல் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 தாழ்ந்தது. ஜூனில் மன்னார்க் கரையில் வெள்ளைக் குருணை ஒதுங்கியது. அன்று இரவே எனக்குப் படங்கள் வந்து குவிந்தன, உடனே போடு என்று. போட்டேன், ஆனால் மன்னார் என்று இடத்தையும், கையால் தொடாமல் பிரதேச அலுவலர்களுக்குச் சொல்லுங்கள் என்பதையும், முல்லைத்தீவுப் பக்கம் அப்போது அப்படி ஒன்றும் இல்லை என்பதையும் முதல் மூன்று வரியில் எழுதிவிட்டு. படத்தைப் பார்க்கிறவர் முதல் மூன்று வரிக்கு மேல் வாசிக்கமாட்டார். கடற்குப்பைப் பதிவு எழுதுகிற ஒவ்வொருவரும் எழுதி முடித்ததும் தன்னைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை வாசித்துவிட்டு ஒரு பெண் நாளைக்குச் சந்தையில் மீன் வாங்காமல் திரும்புவாளா? திரும்புவாள் என்றால், அது தேவையான எச்சரிக்கையா, என் அவசரமா?

பின்னூட்டங்களுக்கு வருவோம். பக்கத்துக்கு லைக் போடுகிறவர்கள் பெரும்பாலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அளம்பில் கரைப் படத்துக்கு அளம்பிலில் இருந்து வந்த லைக்கை நான் தேடிப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. கையுறையும் சாக்கும் வாங்கக் காசு அனுப்பியவர்களும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் "ஊரை நாசமாக்கிட்டாங்கள்" என்று அங்கிருந்து ஒருவர் எழுதினால் இங்கே ஒருவர் பதில் எழுதுவார், பிறகு இரவு முழுக்கத் திருவிழா. நாயாற்றுப் படம் போட்டால் இன்னும் மோசம். பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி அடித்துத் தொழில் செய்கிறவர்களுக்கும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கும் நெடுநாள் பிணக்கு இருக்கிறது. உண்மையான, வயிற்றோடு சம்பந்தப்பட்ட பிணக்கு. அதைச் சோடாப் போத்தல் படத்துக்குக் கீழே வைத்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அவனுடைய குப்பை, இவனுடைய குப்பை. நான் இனத்தைச் சொல்லித் திட்டுகிற பின்னூட்டங்களை அழித்துவிடுகிறேன். அழித்தேன் என்று ஒரு வரியும் எழுதிவிடுகிறேன். அழிக்காமல் விட்டால் அடுத்த சனிக்கிழமை நாயாற்றில் கால் வைக்க முடியாது; அங்கே வாடிக்காரர்களில் சிலர் எங்களோடு சேர்ந்து பொறுக்குகிறவர்கள். இந்த அழிப்பு வேலைக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஒருவரும் இதைச் சமூக ஊடகத் தொண்டு என்று சொல்லிச் சேர்க்கவில்லை.

ஊருக்குள் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் பேஸ்புக் உதவாது. கடற்றொழிலாளர் சங்க வட்ஸ்அப் குழுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல்பதிவு. அதுவும் நான் கதைத்தால் கேட்கமாட்டார்கள். சங்கத் தலைவரோ, தொழிலுக்குப் போகிற ஒருவரோ கதைக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கவும் மாட்டார், தன் பாட்டில் சொல்வார், அதுவே நல்லது. கத்தோலிக்கக் கிராமங்களில் ஞாயிறு பூசை முடிவில் சுவாமி சொல்லும் அறிவித்தலுக்கு எந்த ரிக்ரொக்கும் கிட்ட நிற்காது. ஆகவே இப்போதெல்லாம் என் வேலையில் பாதி, யார் வாயால் சொல்ல வேண்டும் என்று தேடுவதுதான்.

நேரம் பார்த்துச் சொன்ன ஒன்று ஓரளவு பலித்தது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். வன்னியே நடந்து வரும். பொங்கலுக்கு முதல் வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிக்கிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். வற்றாப்பளைக் கோயில் இருப்பது நந்திக்கடல் கரையில். வழி நெடுகத் தாகசாந்திப் பந்தல்கள். மோர், சர்க்கரைத் தண்ணீர், சர்பத், எல்லாம் பிளாஸ்டிக் கப்பில். குடித்த கப் அங்கேயே விழும். மழை வந்தால் நந்திக்கடல், பிறகு பெருங்கடல். தீர்த்தம் எடுத்த அதே கடல். இதைப் பயமுறுத்தாமல், பழிக்காமல், பந்தல் போடுகிறவர்களுக்கு மட்டும், பொங்கலுக்கு மூன்று கிழமை முதல் சொன்னோம். அவர்கள் கப் வாங்கிவிட்ட பிறகு சொன்னால் பயன் இல்லை. எவர்சில்வர் டம்ளர் தரலாம், கழுவ ஆள் நாங்கள் தருகிறோம் என்றோம். சில பந்தல்கள் ஒத்துக்கொண்டன. சில பந்தல்கள் "சனத்துக்கு எச்சில் டம்ளரோ?" என்று மறுத்தன, கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பும் கூடிவிட்டது. பேப்பர் கப் வாங்குகிறோம் என்று பெருமையாகச் சொன்னவர்களிடம் அதன் உள்பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேத்தியின் பிறந்தநாளை நினைத்து டம்ளர் வாங்கித் தந்த ஒரு அம்மாவின் படத்தை, அவரைக் கேட்டுத்தான், போட்டோம். அந்தப் பதிவுக்கு மட்டும் உள்ளூரில் இருந்து நிறையப் பேர் வந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு டம்ளர் தரலாமா என்று கேட்டும் எழுதினார்கள்.

முள்ளிவாய்க்கால் கரையைப் பற்றி எழுதாமல் போகலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அங்கே 2009 இல் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லாமல் சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். பெருமழைக்குப் பிறகு மணல் விலகும்போது இன்னும் அந்தத் துணி தெரியும். பூப்போட்ட வொயில் சேலை, ஓரத்தில் கைத்தையல். சில இடங்களில் செருப்பு, சட்டி, குழந்தைப் பால்போத்தல். எண்ணிக்கைத் தாளில் துணிக்கு ஒரு கட்டம் உண்டு, காலணிக்கு ஒரு கட்டம் உண்டு. அங்கே அந்தக் கட்டங்களை நாங்கள் நிரப்புவதில்லை. அலை கொண்டுவந்ததை மட்டும், அலைக்கோட்டுக்குக் கீழே கிடப்பதை மட்டும் எடுப்போம். மேலே மணலில் இருந்து வருவதைத் தொடுவதில்லை, படம் எடுப்பதில்லை. இரும்பு எதையும் கிட்டப் போய்ப் பார்ப்பதும் இல்லை; கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டு அறிவிப்போம், கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்க்கட்டும். மே மாதத்தில் அந்தப் பக்கம் துப்புரவே வைப்பதில்லை. வெளியூரில் இருந்து வந்த தொண்டர் ஒருவர், அந்தச் சேலைத்துண்டைப் படம் எடுத்துப் போட்டால் எவ்வளவு பேரைச் சென்றடையும் தெரியுமா என்று கேட்டார். தெரியும். அதனால்தான்.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. "கட்டின மூட்டையெல்லாம் எங்க போகுது?" துப்புரவுப் படம் போடுகிற எல்லாப் பக்கங்களும் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, சுற்றி நின்று சிரித்து, அதோடு முடித்துக்கொள்கின்றன. மூட்டைக்குப் பிறகு ஒரு வாழ்க்கை இருக்கிறது. உண்மையை எழுதினோம்: போத்தலைப் பழைய சாமான் வாங்குகிறவர் எடுக்கிறார், உப்பும் சிப்பியும் ஒட்டினதை அவரும் எடுப்பதில்லை. மற்றதைப் பிரதேச சபை உழவு இயந்திரம் ஏற்றிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டுகிறது. வலையை ஒருவரும் எடுப்பதில்லை. அந்தப் பதிவுக்கு வந்த கோபத்தில் பாதி எங்கள் மேல். "அப்ப என்னத்துக்குப் பொறுக்கிறியள்?" என்றார்கள். ஆனால் அதற்குக் கீழேதான் மாங்குளம் பக்கத்தில் தோட்டம் செய்கிற ஒருவர் எழுதினார்: "அந்தப் பழைய வலையைத் தாறியளோ? மயிலும் குரங்கும் ஒண்டையும் விடுதில்லை."

அதிலிருந்து பக்கத்தில் பழைய வலைக்கு ஒரு பகுதி ஓடுகிறது. எங்கள் எல்லாப் பதிவுகளிலும் அதிகம் பகிரப்படுவது அதுதான். ஆமையும் இல்லை, நீலக் கடலும் இல்லை, முற்றத்தில் குவித்த வலையும் பக்கத்தில் அளவுக்கு ஒரு சைக்கிளும். கத்தரித் தோட்டத்துக்கு, கோழிக்கூட்டுக்கு, பயற்றங்கொடிக்கு என்று கேட்கிறார்கள். வேலிக்குக் கட்டின வலையில் சாரைப்பாம்பு சிக்கிச் செத்தது என்று போன மாதம் ஒருவர் படத்தோடு அனுப்பினார். அது சரியான முறைப்பாடு. நிலத்தோடு முட்டாமல் ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொல்லி ஒரு குரல்பதிவு போட வேண்டும். பாம்பைப் பற்றி யார் சொன்னால் கேட்பார்கள் என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.